மொட்டை மாடிக்கு எது சரியான மேல்தளம்? தட்டோடு முதல் பி.யு. கோட்டிங் வரை தேர்ந்தெடுக்கும் வரிசை

மாடி ஒழுக ஆரம்பித்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த கோட்டிங் நல்லது?" என்பது. கடைக்காரர் ஒரு பெயர் சொல்வார், மேஸ்திரி இன்னொன்று சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் தான் போட்டதைச் சொல்வார். மூவர் சொல்வதும் அவரவர் மாடிக்குச் சரியாக இருக்கலாம். உங்கள் மாடியின் வாட்டம் (நீர் வடியும் சரிவு), சுமை, பயன்பாடு எதுவும் அவர்களுக்குத் தெரியாது. இவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகு பொருளைத் தேடினால், ஏழெட்டு வழிகளில் ஐந்தாறு தானாகவே விலகிவிடும். மிஞ்சிய இரண்டில் ஒன்றைத் தேர்வது எளிது.

இந்த வழிகாட்டி ஆர்.சி.சி. (கம்பி கட்டிய கான்கிரீட்) தளம் போட்ட வீடுகளுக்கானது. மரக்கட்டை உத்தரத்தின் மேல் செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கூரைக்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள்தான் வேண்டும். சிமென்ட் கலவையை அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி மரம் உளுத்துப்போகும்.

1. நீரைத் தடுப்பது வேறு, சூட்டைத் தடுப்பது வேறு

பணம் அதிகம் வீணாவது இந்த இடத்தில்தான். கோடையில் அறை கொதிக்கிறது, மழையில் ஒழுகுகிறது; இரண்டுக்கும் சேர்த்து வெள்ளை கூலிங் டைல்ஸ் பதிக்கிறார்கள். சூடு குறைகிறது. ஒழுகல் நிற்பதில்லை. டைல்ஸ் வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆனால் இரண்டு டைல்ஸுக்கு நடுவே இருக்கும் இணைப்பு வழியாக இறங்கும் நீரை அது எப்படித் தடுக்கும்?

கறுப்பு பிட்டுமென் (தார்) ஷீட்டில் இதே கதை தலைகீழாக நடக்கிறது. நீரை நன்றாகத் தடுக்கும், வெயிலை உறிஞ்சிக்கொள்ளும். மேலே எதுவும் போடாமல் விட்டால் கீழ் அறை முன்பைவிடச் சூடாகலாம்.

ஆகவே முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: எனக்கு வேண்டியது நீர்த்தடுப்பா, வெயில் தடுப்பா, இரண்டுமா? இரண்டும் என்றால் இரண்டு அடுக்கு வேலை, இரண்டு செலவு. கீழே நீரைத் தடுக்கும் அடுக்கு, அதன் மேல் சூட்டைத் தடுக்கும் அடுக்கு. ஒரே டப்பாவில் இரண்டும் வரும் என்று விற்கப்படும் வெள்ளை கோட்டிங்குகள் உண்டு. அவை பயன்படும் இடமும் உண்டு, அதைப் பின்னால் பார்ப்போம்.

2. பார்வையிடுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

அளவு நாடா, டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்), சாக்பீஸ், சின்னச் சுத்தியல், இரண்டு அடிச் சதுரத்தில் ஒரு பாலிதீன் தாள், அதை ஒட்ட அகலமான டேப், செல்போன் கேமரா. இவ்வளவுதான். வீட்டின் வரைபடம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தளத்தின் கனம், மேலே இன்னொரு மாடி தாங்கும்படி கட்டியதா என்பது அதில் தெரியும்.

மாடியைப் பெருக்கிச் சுத்தம் செய்த பிறகே பாருங்கள். தொட்டிக்கு அடியிலும் பழைய சாமான் குவித்த மூலையிலும் தெரியாமல் கிடக்கும் விரிசல்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

3. கசிவு எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்யுங்கள்

கூரையில் கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தளத்துக்குள் கரண்ட் வயருக்காகப் பதித்த குழாய்கள் ஓடுகின்றன. நீர் ஒரு மூலையில் உள்ளே போய், அந்தக் குழாய் வழியே நகர்ந்து, அறை நடுவில் ஃபேன் கொக்கியில் சொட்டும். (ஃபேன் அல்லது லைட் பாயின்டில் நீர் சொட்டினால், வேறு எதற்கும் முன் அந்த சர்க்கியூட்டை அணைத்துவிடுங்கள்.)

வேறு காரணங்களை வரிசையாகக் கழியுங்கள். மழையே இல்லாத நாளிலும் கறை ஈரமாக இருந்தால் தொட்டி நிரம்பி வழிவது, தொட்டியிலிருந்து வரும் குழாய் இணைப்பு, ஏ.சி. நீர்க்குழாய், மேல்மாடிக் குளியலறை ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். கறை சுவரும் கூரையும் சேரும் ஓரத்தில் மட்டும் இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் கைப்பிடிச்சுவர். அதன் வெளிப்பூச்சில் விரிசல் விழுந்து நீர் சுவருக்குள் இறங்கி வரும். நடுத்தளத்தில் எவ்வளவு விலையான கோட்டிங் அடித்தாலும் அது நிற்காது.

அப்புறம் சுத்தியலால் மாடி முழுக்க லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். 'டப் டப்' என்று வெற்றொலி வரும் இடங்களில் பழைய ஓடோ பூச்சோ தளத்தைவிட்டுப் பிரிந்திருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போடுங்கள். மாடியில் கால்வாசிக்கு மேல் வட்டமாகிவிட்டால் ஒட்டுப்போடும் வேலை வேண்டாம். பழையதை முழுக்கப் பெயர்த்துவிடுவதே நல்லது.

கடைசியாக பாலிதீன் தாள். அதைத் தளத்தில் பரப்பி நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் தாளின் அடிப்பக்கம் நீர்த்துளிகள் கோத்திருந்தால் தளத்துக்குள் ஈரம் இருக்கிறது. இந்த நிலையில் எந்த கோட்டிங் அடித்தாலும் வெயிலில் அந்த ஈரம் ஆவியாகிக் கொப்புளமாகக் கிளம்பும். காய விட்டு, திரும்பவும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

4. தளம் எவ்வளவு தாங்கும்?

முதலில் வீட்டுக்குள் நின்று கூரையை அண்ணாந்து பாருங்கள். பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறதா? கம்பி துருப்பிடித்தால் அதன் பருமன் பெருகி, கீழே உள்ள கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் இது சீக்கிரமே வரும். கம்பி தெரியும் தளத்துக்கு மேல்தளப் பொருள் தேடுவது அப்புறம். ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு அடித்து, பாலிமர் கலவையால் அடைத்த பிறகே மேலே போக வேண்டும்.

அடுத்தது எடை. 3 அங்குலச் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம், அதன் மேல் கலவையில் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு); இவை சேர்ந்தால் சதுர அடிக்கு ஏறக்குறைய 17, 18 கிலோ வரும். 1000 சதுர அடி மாடி என்றால் 17, 18 டன். புது வீட்டில் வடிவமைப்பாளர் இந்த எடையைக் கணக்கில் வைத்திருப்பார். பழைய வீட்டில் ஏற்கெனவே ஒரு அடுக்கு இருக்கும்போது, பெயர்க்கும் கூலியை மிச்சப்படுத்த அதன் மேலேயே இன்னொரு அடுக்கு போட்டால் அந்த எடை இரட்டிப்பாகிறது. மாடியில் மனிதர்கள் நடமாட, சாமான் வைக்க என்று கணக்கிடும் சுமையே சதுர மீட்டருக்கு 150 கிலோதான், அதாவது சதுர அடிக்கு 14 கிலோ. இரண்டாவது அடுக்கு அதை முழுக்க விழுங்கிவிட்டு இன்னும் கேட்கும். 'பழசு மேலேயே போட்டுடலாம் சார்' என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தளம் பழையது, வரைபடம் இல்லை, கனம் தெரியவில்லை என்றால் எடை குறைந்த வகைகளுக்குள் நின்றுகொள்ளுங்கள்: கோட்டிங் அல்லது ஷீட்.

5. வாட்டமும் தூம்பும்

என்னைக் கேட்டால் முழு வேலையிலும் இதுதான் உயிர். நல்ல வாட்டம் உள்ள மாடியில் சாதாரணப் பொருளும் பல வருஷம் நிற்கும். நீர் தேங்கும் மாடியில் உயர்ந்த பொருளும் இரண்டு மழைக்காலத்தில் தோற்கும்.

ஒரு மழை நின்ற மறுநாள் காலையில் மேலே போங்கள். இன்னும் நீர் நிற்கும் இடங்களைச் சாக்பீஸால் சுற்றி வரைந்து படம் எடுங்கள். மழை இல்லாவிட்டால் குழாயால் தண்ணீர் அடித்துப் பார்க்கலாம். இந்தப் படம் மேஸ்திரியிடம் பேசும்போது ஆயிரம் வாக்குவாதத்தை மிச்சப்படுத்தும்.

10 அடி தூரத்துக்கு 1 முதல் 1½ அங்குலம் இறக்கம் வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்வதை ஏற்காதீர்கள். டியூப் லெவல் வைத்துப் புள்ளி குறிக்கச் சொல்லுங்கள். வாட்டம் ஓடும் தூரம் அதிகமானால் கனமும் எடையும் ஏறும். 20 அடி ஓடினால் தூம்பு (மழைநீர் வடிகுழாய்) வாயில் 2 அங்குலமாகத் தொடங்கும் தளம் மறுமுனையில் 4 முதல் 5 அங்குலம் ஆகிவிடும். நடுவில் மேடு வைத்து இரண்டு பக்கமும் தூம்பு விட்டால் அந்தத் தூரம் பாதியாகிவிடும்.

தூம்பு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 4 அங்குலக் குழாய் ஒன்றுக்கு 400 முதல் 500 சதுர அடிக்கு மேல் கொடுக்காதீர்கள். 1000 சதுர அடி மாடிக்குக் குறைந்தது இரண்டு. ஒன்று இலையாலும் பிளாஸ்டிக் கவராலும் அடைத்துக்கொண்டால் இன்னொன்று காப்பாற்றும். 1000 சதுர அடியில் ஒரு அங்குல மழை பெய்தால் 2,300 லிட்டருக்கு மேல் நீர் இறங்குகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஒரே இரவில் பல அங்குலம் கொட்டும்போது ஒற்றைக் குழாய் என்ன செய்யும்?

இங்கே அடிக்கடி நடக்கும் தவறுகள் இரண்டு. முதலாவது, புதுத் தளம் போட்டு மட்டம் உயர்ந்ததும் தூம்பின் வாய் பள்ளத்தில் புதைந்து, சுற்றிலும் கலவை மேடாகிவிடும். தூம்பைச் சுற்றி ஒரு அடிக்கு, மற்றத் தளத்தைவிட அரை அங்குலம் தாழ்வாகக் கிண்ணம் போல் இழைத்துவிடச் சொல்லுங்கள். இரண்டாவது, படிக்கட்டு ஹெட்ரூம் (மாடிப்படிக்கு மேலுள்ள சிறு அறை) கதவு. நாலு அங்குலம் தளம் ஏறினால் கதவின் வாசற்படி தளத்தைவிடத் தாழ்ந்து, மழைநீர் படிக்கட்டில் இறங்கும். பொருளை முடிவு செய்யும் முன் வாசற்படி உயரத்தை அளந்துகொள்ளுங்கள். போதாவிட்டால், முதலில் வாசற்படியை உயர்த்துங்கள், அல்லது கனம் இல்லாத கோட்டிங் வகைக்கு மாறுங்கள். கைப்பிடிச்சுவர் உயரமும் இதனால் குறையும். அது 1 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது, குழந்தைகள் ஏறும் இடம்.

6. மாடியை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்?

வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைப் பார்க்க மட்டும் ஏறும் மாடிக்கும், வடகம் பிழிந்து, துணி காயவைத்து, சாயங்காலம் எல்லோரும் உட்காரும் மாடிக்கும் ஒரே பொருள் பொருந்தாது. வெறும் கோட்டிங் தினசரி நடமாட்டத்திலும், கட்டில் கால் இழுபடுவதிலும் கிழியும். நடமாட்டம் உள்ள மாடிக்கு மேலே ஓடோ டைல்ஸோ கட்டாயம்.

இரண்டு, மூன்று வருஷத்தில் மேலே இன்னொரு மாடி கட்டும் எண்ணம் இருந்தால் தட்டோடும் டைல்ஸும் வீண் செலவு. வாட்டக் கலவையும் (சரிவு வரப் போடும் கலவை) அதன் மேல் ஒரு கோட்டிங்கும் போதும். ஆனால் தூண் கம்பிகளை அப்படியே நீட்டிக்கொண்டு விடாதீர்கள். மழை அந்தக் கம்பி ஓரமாகவே தூணுக்குள் இறங்கும். சிமென்ட் பால் பூசி, வலுக்குறைந்த கான்கிரீட்டால் மூடிவையுங்கள். கட்டும்போது உடைத்து எடுத்துக்கொள்ளலாம்.

சோலார் பேனல் வரப்போகிறது என்றால் அதன் கால்களுக்கான கான்கிரீட் பீடங்களை மேல்தள வேலைக்கு முன்பே கட்டிவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு ட்ரில் போட்டு போல்ட் இறக்கினால், ஒவ்வொரு துளையும் நீங்கள் காசு கொடுத்துப் போட்ட நீர்த்தடுப்பில் ஒரு ஓட்டை. மாடித்தோட்டத்துக்கு, பைகளைத் தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள். அடியில் ஈரம் தங்காது, பெருக்கவும் முடியும். நனைந்த மண் ஒரு கன அடி 45 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால் பெரிய தொட்டிகளைச் சுவருக்கும் உத்தரத்துக்கும் மேலாக அமைப்பது பாதுகாப்பு.

மழைநீரைத் தொட்டியில் சேமித்துப் புழங்குபவர்கள், பிட்டுமென் ஷீட்டை வெளியே தெரியும்படி விட வேண்டாம். தட்டோடு அல்லது டைல்ஸ் மேல்பரப்பு சுத்தமான நீர் தரும்.

7. இப்போதுதான் பொருட்கள்

*செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளமும் தட்டோடும்.* சுருக்கி போடுவது என்று பல ஊர்களில் சொல்வது இதைத்தான். நீரையும் சூட்டையும் ஓரளவு சேர்த்துத் தடுக்கும் பழைய வழி. செங்கல் ஜல்லி சூட்டைத் தாமதப்படுத்தும், சுண்ணாம்பு சிமென்ட்டைப் போல விறைப்பாக வெடிக்காமல் சின்ன அசைவுக்கு இடம்கொடுக்கும். இதற்கு ஐ.எஸ். 3036 என்று தனி இந்தியத் தர விதியே இருக்கிறது.

இதன் தரம் முழுக்க ஆள் வேலையில் இருக்கிறது. நன்றாக நீற்றிய சுண்ணாம்பு, நனைத்த ஜல்லி, பரப்பியதும் மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவது, தட்டும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பது. கட்டை தடம் பதியாமல் துள்ளி எழும்பும் வரை தட்ட வேண்டும். அப்புறம் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். இன்று பலரும் சுண்ணாம்பை விட்டுவிட்டு ஜல்லியில் சிமென்ட்டைக் கலந்து ஒரே நாளில் பரப்பி முடிக்கிறார்கள். அது சுருக்கித் தளம் ஆகாது, வெயிலில் வெடிக்கும். தட்டத் தெரிந்த ஆட்கள் உங்கள் ஊரில் கிடைத்தால் புது வீட்டுக்கு என் முதல் தேர்வு இதுவே. கிடைக்காவிட்டால் பெயருக்கு இதைச் செய்யாதீர்கள், அடுத்ததற்குப் போங்கள்.

*கூலிங் டைல்ஸ்.* 1 அடிக்கு 1 அடி வெள்ளை டைல்ஸ்தான் பரவலாகக் கிடைப்பது. வெயில் தடுப்புக்கு நல்லது, துடைத்தால் மறுபடி வெளுக்கும். கீழே தனி நீர்த்தடுப்பு அடுக்கு இருந்தே ஆக வேண்டும். பளபளப்பான வகை மழையில் வழுக்கும். மேட் ஃபினிஷ் கேட்டு வாங்குங்கள். ஒரு டைல்ஸில் தண்ணீர் ஊற்றிக் கால் வைத்துப் பாருங்கள்.

பதிக்கும்போது முட்ட முட்ட ஒட்ட வைக்கக் கூடாது. வெயிலில் டைல்ஸும் தளமும் விரியும். இடம் இல்லாவிட்டால் கூடாரம் போல் எழும்பிப் பெயரும். டைல்ஸுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். 10 அடிக்கு ஒரு முறை இரு திசையிலும், கைப்பிடிச்சுவர் ஓரம் முழுக்கவும், சிமென்ட் அடைக்காமல் ரப்பர் போல் இழுபடும் சீலன்ட் அடைத்த இணைப்பு வேண்டும். டைல்ஸின் நாலு மூலைக்கு மட்டும் கலவை வைத்து ஒட்டுவதை அனுமதிக்காதீர்கள். நடுவில் காலியாக இருந்தால் அங்கே நீர் சேரும், மிதித்தால் உடையும்.

*அக்ரிலிக் கோட்டிங்.* வாளியில் வரும் வெள்ளை கோட்டிங்குகளில் பெரும்பாலானவை இவை. எடை இல்லை, செலவு குறைவு, ஓரளவு வெயிலையும் திருப்பும். வாட்டம் சரியாக உள்ள, நடமாட்டம் குறைந்த மாடிக்கு நியாயமான தேர்வு. நீர் தேங்கினால் ஊறி மென்மையாகி உரிந்துவிடும். சில வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும் என்பதைச் செலவுக் கணக்கில் முன்பே சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் வெள்ளைச் சுண்ணாம்போ 'கூல் ரூஃப்' பெயின்டோ இதற்குச் சமமல்ல. அவை வெயிலுக்கு மட்டும்.

*பி.யு. கோட்டிங்.* பாலியூரித்தேன். அக்ரிலிக்கைவிட நன்றாக இழுபடும், சின்ன விரிசலைத் தாண்டி நிற்கும், தேங்கும் நீரையும் அதைவிட அதிகம் தாங்கும். விலை அதிகம். தளம் எலும்புபோல் காய்ந்திருக்க வேண்டும். மூன்றாம் படியின் பாலிதீன் சோதனையில் தேறாத மாடிக்கு இதை அடித்தால் கொப்புளம் நிச்சயம். சில வகைகள் நேர் வெயிலில் மஞ்சளாகிப் பொடியும். அவற்றுக்கு வெயில் தாங்கும் மேல்பூச்சு தனியாக வேண்டும். வாங்கும்போது "இதை வெயிலில் அப்படியே விடலாமா, மேல்பூச்சு வேண்டுமா?" என்று கேளுங்கள். தொட்டி, குழாய், பீடம் என்று தடைகள் நிறைந்த மாடிக்கு இதுதான் வசதி. வளைவுகளிலெல்லாம் ஒரே தோலாகப் படியும்.

*ஏ.பி.பி. ஷீட்.* 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனத்தில், 1 மீட்டர் அகலமும் 10 மீட்டர் நீளமும் உள்ள ரோலாக வரும் பிட்டுமென் ஷீட். கேஸ் தீயால் உருக்கி ஒட்டுவார்கள். கனம் தொழிற்சாலையிலேயே உறுதியாகிவிடுவதால் தண்ணீர் கலந்து ஏமாற்ற வழியில்லை. பெரிய, தடையில்லாத தளத்துக்கு ஏற்றது. பலவீனம் இணைப்புகளில்: பக்கவாட்டில் 100 மில்லிமீட்டர், முனையில் 150 மில்லிமீட்டர் மேல்படிய வேண்டும், உருகிய தார் ஓரத்தில் லேசாகப் பிதுங்கித் தெரிய வேண்டும். மேலே கலவையோ டைல்ஸோ போட்டு மூடுங்கள். தீ வைத்துச் செய்யும் வேலை என்பதால் பிளாஸ்டிக் தொட்டி, கேபிள் அருகில் ஒரு ஆள் தண்ணீருடன் நிற்கட்டும்.

*தளத்துக்கு மேல் தகரக் கூரை.* இரும்புச் சட்டத்தில் கலர் ஷீட் போட்டால் நிழல் கிடைக்கும், சூடு குறையும், இடமும் பயன்படும். காற்றைத்தான் கவனிக்க வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா சென்னையைக் கடந்தபோதும், 2018 நவம்பரில் கஜா டெல்டாவைச் சாய்த்தபோதும் ஷீட்டுகள் தெருவில் பறந்தன. கால்களை வெறும் தளத்தில் போல்ட் போட்டு நிறுத்தாமல் தூண் அல்லது உத்தரத்தோடு பிணைக்க வேண்டும். உள்ளாட்சி அனுமதி தேவையா என்றும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சாரல் அடிக்கும் என்பதால் கீழ்த்தளத்தின் வாட்டமும் தூம்பும் அப்போதும் தேவை.

8. வேலை நடக்க வேண்டிய வரிசை

எந்தப் பொருளைத் தேர்ந்தாலும் வரிசை மாறாது. பழையதைப் பெயர்த்துச் சுத்தம் செய்வது முதல் வேலை. தூசியின் மேல் அடித்த கோட்டிங் தூசியோடுதான் ஒட்டும், தளத்தோடு ஒட்டாது. பிறகு விரிசல். வெறும் சிமென்ட்டைத் தேய்த்து மூடினால் அடுத்த வெயிலில் அதே கோட்டில் திறக்கும். 'வி' வடிவில் காடி வெட்டி, தூசியை ஊதி எடுத்து, இழுபடும் சீலன்டோ பாலிமர் கலவையோ அடைக்க வேண்டும்.

மூன்றாவது, கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை. தளம் வெயிலில் விரிந்து சுருங்க, சுவர் வேறு விதமாக அசைய, இந்த மூலையில்தான் முதலில் பிளக்கும். 2 அங்குலத்துக்குக் கலவையால் சரிவாக மூலையை நிரப்பி, நீர்த்தடுப்பு அடுக்கைச் சுவரில் ஒரு அடி உயரம் வரை ஏற்ற வேண்டும். ஷீட் என்றால் அதன் மேல் ஓரத்தைச் சுவரில் காடி வெட்டி உள்ளே செருகி மூட வேண்டும். சுவரின் தலைப்பும் உள்பக்கம் சாய்வாக இருக்கட்டும். வெளியே வழியும் நீர் சுவரைக் கறையாக்கும்.

நான்காவது, வாட்டம் இல்லாத தளமென்றால் வாட்டக் கலவை. அது காய்ந்த பிறகு நீர்த்தடுப்பு அடுக்கு. சுருக்கித் தளம் போடுபவர்களுக்கு வாட்டம் அதிலேயே வந்துவிடும். அவர்கள் கான்கிரீட் மேல் நேராக நீர்த்தடுப்பைப் போட்டு, அதன் மேல் சுருக்கி போடலாம். ஐந்தாவது, தண்ணீர் கட்டிச் சோதனை. ஓடு பதிப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும், பதித்த பிறகு செய்தால் ஓட்டை எங்கே என்று தேட அத்தனையையும் உடைக்க நேரும். தூம்புகளை அடைத்து 2 அங்குலம் நீர் நிறுத்தி 48 மணி நேரம் விடுங்கள். பக்கத்தில் ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி மட்டம் குறித்துவையுங்கள். வெயிலில் இரண்டும் ஆவியாகும். மாடி நீர் பாத்திர நீரைவிட அதிகம் இறங்கினால் கசிவு இருக்கிறது. சோதனை தேறிய பிறகு, நீர்த்தடுப்பு அடுக்கு குத்துப்படாமல் இருக்க அதன் மேல் மெல்லிய காப்புக் கலவை, கடைசியாக ஓடு அல்லது டைல்ஸ்.

9. கோட்டிங் என்றால் வாளிக் கணக்கு

ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றினால் ஈரமாக 1 மில்லிமீட்டர் கனம் நிற்கும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் யாரும் ஏமாற்ற முடியாது. 1000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். இரண்டு 20 லிட்டர் வாளியில் முடித்துவிட்டேன் என்றால் ஈரக் கனம் 0.43 மில்லிமீட்டர். அதில் நீர் ஆவியாகி, கெட்டிப்பொருள் 60 சதவீதம் என்று வைத்தால், காய்ந்ததும் நிற்பது கால் மில்லிமீட்டர். அது பெயின்ட் கனம்தான். காய்ந்த பின் 1 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் அதே பொருளில் 155 லிட்டர், ஏறக்குறைய 8 வாளி.

ஆகவே "எத்தனை கோட்?" என்று கேட்காதீர்கள். காய்ந்த பின் எத்தனை மில்லிமீட்டர், அதற்கு எத்தனை லிட்டர் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வாளிகள் சீல் உடையாமல் மாடிக்கு வரட்டும், காலி வாளிகளை வேலை முடியும் வரை வைத்திருக்கச் சொல்லி எண்ணிப் பாருங்கள். முதல் கோட்டும் இரண்டாம் கோட்டும் வேறு வேறு நிறத்தில் இருந்தால் விட்டுப்போன இடம் கண்ணுக்குத் தெரியும். விரிசல் மேலும் மூலையிலும் இரண்டு கோட்டுக்கு நடுவே ஃபைபர் வலையைப் பதிக்க வேண்டும்.

ஷீட் என்றால் 1000 சதுர அடிக்கு மேல்படிவும் சுவர் ஏற்றமும் சேர்த்து 12, 13 ரோல் ஆகும். 10 ரோலுக்கு யாராவது கொட்டேஷன் கொடுத்தால் எதை விடப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

10. எந்த மாதத்தில் செய்வது

சென்னை, டெல்டா, தென் மாவட்டங்களில் பெரும்பகுதிக்கு மார்ச் முதல் ஜூன் வரை நல்ல காலம். மழை தொடங்கி ஒழுகியதும் அக்டோபரில் ஆள் தேடினால் ஈரத் தளத்தில் அவசரமாக அடித்துவிட்டுப் போவார்கள். கன்னியாகுமரி, நீலகிரி, மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஊர்களுக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். அங்கே மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

அக்னி நட்சத்திர வெயிலில் மதியம் கோட்டிங் அடிக்க விடாதீர்கள். மேல்பரப்பு சட்டென்று காய்ந்து, உள்ளே ஈரம் சிக்கிக் கொப்புளிக்கும். காலை 10 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பிறகும் அடிக்கட்டும். சுண்ணாம்பு வேலைக்கும் வாட்டக் கலவைக்கும் கோடையில் தண்ணீர் அதிகம் வேண்டும், அதற்கு ஏற்பாடு இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

11. பேசி எழுதிக்கொள்ள வேண்டியது, பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியது

கொட்டேஷனில் பொருளின் முழுப் பெயர், காய்ந்த கனம், லிட்டர் அல்லது ரோல் எண்ணிக்கை, சுவரில் ஏற்றும் உயரம், தண்ணீர் கட்டும் சோதனை எத்தனை மணி நேரம், பழையதைப் பெயர்த்து அப்புறப்படுத்தும் கூலி யாருடையது, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். கடைசித் தவணை சோதனைக்குப் பிறகே. '10 வருஷ கேரண்டி' என்று வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை. எதற்கு கேரண்டி, பொருளுக்கா வேலைக்கா, ஒழுகினால் யார் வந்து என்ன செய்வார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

முடிந்த பிறகு வருஷத்துக்கு இருமுறை மாடிக்கு வேலை இருக்கிறது. கோடை தொடங்கும் முன் வெள்ளைப் பரப்பைக் கழுவுங்கள். தூசியும் பாசியும் படிந்தால் வெயிலைத் திருப்பும் திறன் இறங்கிவிடும். கடினமான இரும்பு பிரஷ், ஆசிட் வேண்டாம். ஆசிட் இணைப்புக் கலவையை அரித்துவிடும். செப்டம்பரில் தூம்பின் சல்லடையைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஒரு வாளி நீர் ஊற்றி ஓட்டத்தைப் பாருங்கள். அப்படியே மூலைகளையும், தொட்டிப் பீடத்தின் ஓரங்களையும், சீலன்ட் இணைப்புகளையும் விரலால் அழுத்திப் பாருங்கள். விறைத்து விலகியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் வெட்டி எடுத்துப் புதிதாக அடைத்தால் போதும்.